கல்லூரி மாற ஒரு கலந்தாய்வு வேண்டும்

பிளஸ் டூ முடிவுகள் வந்த சில வாரங்களுக்குள், பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அடுத்த மூன்று அல்லது நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறார்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, விடுதியா வீடா, கட்டணத்துக்கு என்ன வழி என எல்லாமே அந்தக் குறுகிய காலத்தில் முடிவாகிவிட வேண்டும். அந்த முடிவு பொருந்தாமல் போனவர்களும், பொருந்தியிருந்தும் குடும்பச் சூழல் மாறிப்போனவர்களும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். படிப்பைக் கைவிடாமல், ஓராண்டை இழக்காமல் அவர்கள் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கு, எல்லோருக்கும் தெரிந்த, எல்லோருக்கும் எட்டக்கூடிய பொது ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை காலியிடங்களை அறிவித்து, ஒற்றைச்சாளர முறையில் இடமாற்றக் கலந்தாய்வை அரசு நடத்த வேண்டும்.

விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. இப்போதிருக்கும் கல்லூரியின் தடையின்மைச் சான்று, சேரவிருக்கும் கல்லூரியின் சம்மதம், பல்கலைக்கழகத்தின் ஒப்புதல், பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதி ஆகியவை இருந்தால் மாறலாம். ஆனால், எந்தக் கல்லூரியில் இடம் காலியாக இருக்கிறது என்பதை மாணவரே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல்வர் அறைக்கும் அலுவலக எழுத்தர் மேசைக்கும் அவரே அலைய வேண்டும். தடையின்மைச் சான்றை எத்தனை நாளில் தர வேண்டும், மறுத்தால் யாரிடம் முறையிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர் ஒருவர் உள்ளே இருந்தால் காரியம் நடக்கிறது. சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நடப்பதில்லை. பொது வழி இல்லாத இடத்தில் சிபாரிசும் பணமும்தான் வழியாகின்றன.

மாற விரும்புவோரை நிலையில்லாதவர்கள், படிப்பில் அக்கறையற்றவர்கள் என்று எண்ணும் பழக்கம் நம் கல்லூரிகளில் ஆழமாக இருக்கிறது. உண்மையான காரணங்களைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. தந்தை இறந்துவிட, தாய்க்குத் துணையாக ஊர் திரும்ப வேண்டிய மகள் இருக்கிறார். சிகிச்சைக்காகப் பெருநகரத்தில் தங்க வேண்டியவர் இருக்கிறார். திருமணமாகிக் கணவரின் ஊருக்குப் போன பெண், விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டுக்கு அருகே படிக்க விரும்புபவர், சேர்க்கையின்போது காட்டிய ஆய்வகமும் ஆசிரியர்களும் கல்லூரி திறந்தபின் இல்லை என்று கண்டவர் எனப் பட்டியல் நீளும். ராகிங்குக்கோ பாலியல் தொல்லைக்கோ ஆளாகி, புகார் கொடுத்த பின் அதே வகுப்பறையில் உட்கார முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. ராகிங்குக்கு எதிராக 1997இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. குற்றம் செய்தவரைத் தண்டிக்கச் சட்டம் வகுத்த நாம், பாதிக்கப்பட்டவர் வேறிடத்தில் நிம்மதியாகப் படிப்பைத் தொடரவும் வழி செய்திருக்க வேண்டும்.

உயர்கல்வியில் தமிழ்நாடு எட்டியிருக்கும் இடமே இந்தத் தேவையைப் பெரிதாக்கியிருக்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு. இங்குள்ள மாணவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். எந்தக் கல்லூரி எப்படி என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. விளம்பரப் பலகையும் முகவர்களின் பேச்சும் பக்கத்து வீட்டாரின் யோசனையுமே அவர்களுக்கு வழிகாட்டி. அவர்களைக் கல்லூரிக்குள் அழைத்துவந்த அரசு, தவறான இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சரியான இடத்தையும் காட்ட வேண்டும்.

இதற்கான நிர்வாகத் திறன் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓர் அரசுப் பள்ளி மாணவர் வேறு பள்ளிக்குப் போனால், அவருடைய விவரங்கள் பள்ளிக்கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தின் வழியே பழைய பள்ளியிலிருந்து புதிய பள்ளிக்கு நகர்கின்றன. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர ஆண்டுதோறும் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி அதைப் பல ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் எத்தனை இடம் காலி என்று கணக்கெடுப்பது, தரவரிசை போடுவது, இடஒதுக்கீட்டைக் காப்பது, ஆணை வழங்குவது ஆகிய அனைத்தும் அங்கே நடந்துகொண்டிருக்கின்றன. அதே இரண்டாம் ஆண்டுக் காலியிடங்களுக்கு, முதலாண்டை வேறு கல்லூரியில் முடித்தவரும் விண்ணப்பிக்க ஒரு சுற்றைச் சேர்ப்பது மட்டுமே புதிய வேலை.

கல்லூரிக்குத் தேவை வரும்போது மாணவர்கள் இடம் மாறத்தான் செய்கிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று மூட விரும்பினால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) விதிகள் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன. புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டு, இருப்பவர்கள் படித்து முடிக்கும்வரை நடத்துவது ஒன்று. உடனடியாக முழுவதும் மூடி, மாணவர்களை வேறு கல்லூரிகளில் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாம் வழியில், பாடத்திட்ட வேறுபாடும் வருகைப்பதிவும் கட்டணமும் தடையாக நிற்பதில்லை. அதிகாரிகள் உட்கார்ந்து தீர்க்கிறார்கள். நிர்வாகத்துக்காகத் தீர்க்கப்படும் அதே சிக்கல்கள், ஒரு தனி மாணவர் கேட்கும்போது மட்டும் தீராதவை ஆவதை ஏற்க முடியாது.

எதிர்வாதங்களில் வலுவானது தகுதிவரிசை பற்றியது. குறைந்த கட்-ஆஃபில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு, அடுத்த ஆண்டு பெயர்பெற்ற கல்லூரிக்குத் தாவுவது, முறையாகக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்கு அநீதி ஆகாதா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் புறவாசல் இன்றைய மறைமுக முறையில்தான் திறந்து கிடக்கிறது. பொதுக் கலந்தாய்வில் பிளஸ் டூ கட்-ஆஃபையும் முதலாண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை வெளியிட்டால், யார் எந்த அடிப்படையில் இடம் பெற்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். 69 விழுக்காடு இடஒதுக்கீடு அங்கும் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். பள்ளியில் வசதியின்றிப் பின்தங்கி, கல்லூரியில் உழைத்து முதலிடம் பிடித்த கிராமத்து மாணவருக்கு இரண்டாம் வாய்ப்பைத் தருவது தகுதிக்கு எதிரானது அல்ல. பிளஸ் டூ தேர்வு நடந்த ஒரு மாதம் மட்டுமே ஒருவரின் தகுதியைக் காலமெல்லாம் தீர்மானிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் படித்தவர், மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். அங்கே இது விதிவிலக்கான சலுகையாகக் கருதப்படுவதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் புதிதாகச் சேரும் இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒருவர் என்ற அளவில் மாறிவருவோரைச் சேர்ப்பதை இலக்காகவே வைத்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தரம் அதனால் தாழ்ந்துவிடவில்லை.

சிற்றூர்க் கல்லூரிகள் காலியாகிவிடும் என்பது அடுத்த அச்சம். அக்கல்லூரிகளின் நலன் முக்கியமானது. ஆனால், பேராசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே துறைகளை நடத்திவிட்டு, மாணவர்களை வெளியேற விடாமல் வைத்திருப்பது அக்கல்லூரிகளைக் காப்பாற்றாது. எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர், என்ன காரணத்தால் மாறினார்கள் என்ற விவரம் ஆண்டுதோறும் வெளியானால், எங்கே ஆசிரியர் தேவை, எங்கே விடுதி தேவை, எங்கே பேருந்து தேவை என்பது அரசுக்கும் தெரியும். பிளஸ் டூ முடித்து வரும் அடுத்த மாணவருக்கும் அது நேர்மையான வழிகாட்டியாக அமையும். தவிரவும், மாற்றம் ஒருவழிப் பாதையாக இருக்காது. செலவு தாங்காமல் நகரத்துக் கல்லூரியிலிருந்து சொந்த ஊர் அரசுக் கல்லூரிக்குத் திரும்ப விரும்புவோருக்கும் இதுவே வழி.

தனியார் நிர்வாகங்கள் சொல்வது பணக் கணக்கு. ஒருவர் இரண்டாம் ஆண்டில் விலகினால், மிச்ச ஆண்டுகளுக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும் என்கிறார்கள். இந்தக் கவலையை உச்ச நீதிமன்றமும் கருத்தில் கொண்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டு இஸ்லாமிய அகாடமி வழக்கின் தீர்ப்பு, நடப்பு ஆண்டுக்கான கட்டணத்தை மட்டுமே வாங்க வேண்டும் என்றது. மாணவர் இடையில் விலகிவிடுவார் என்ற ஐயம் இருந்தால், மீதிக் கட்டணத்துக்கு உத்தரவாதப் பத்திரம் பெறலாம் என்றும் இடம் கொடுத்தது. பொதுக் கலந்தாய்வு வந்தால் இந்தக் கவலையின் பெரும்பகுதி குறையும். ஒருவர் விட்டுச்செல்லும் இடத்துக்கு இன்னொருவர் அதே சுற்றில் வர முடியும். அதன்பிறகும் மீதி மூன்றாண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் டி.சி. என்று சொல்ல எந்த நியாயமும் இருக்காது.

சான்றிதழ்களை வைத்துக்கொண்டு பேரம் பேசும் வழக்கத்தை இத்தோடு ஒழிக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்திருக்கக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தெளிவாக அறிவித்தது. படிக்கும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மட்டுமே முன்கட்டணம் வாங்கலாம் என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. பள்ளிகள் தொடர்பான வழக்கில், மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. கல்லூரிக்கும் அந்த அறம் பொருந்தும். பாக்கி இருந்தால் வசூலிக்கச் சட்ட வழிகள் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றும் பிளஸ் டூ சான்றும் மாணவரின் உழைப்பு. அவை அடமானப் பொருள்கள் அல்ல.

பாடத்திட்ட வேறுபாடு மெய்யான சிக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டம் ஒன்றே என்பதால், அவற்றுக்கிடையே மாறுவதில் கல்வி சார்ந்த தடை ஏதும் இல்லை. கலை, அறிவியல் கல்லூரிகளில் அப்படி இல்லை. வேதியியல் மாணவருக்கு ஒரு கல்லூரி முதலாண்டில் கணிதத்தைத் துணைப்பாடமாக வைத்தால், இன்னொன்று இயற்பியலை வைக்கிறது. மாறிவருபவர் விடுபட்ட தாள்களைக் கூடுதலாக எழுத நேரும். 2023இல் உயர்கல்வித் துறை பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவர முயன்றபோது, தங்கள் உரிமை பறிபோகிறது என்று தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. எல்லாக் கல்லூரிகளும் ஒரே பாடத்தை நடத்த வேண்டிய அவசியம் இல்லை. எந்தத் தாளுக்கு எந்தத் தாள் இணை என்ற அட்டவணை இருந்தால் போதும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் பட்டங்களுக்கு இணைத்தன்மை காணும் பணியை ஏற்கெனவே செய்துவருகிறது. அந்தப் பணியைத் தாள்களுக்கும் விரிவாக்கலாம். விடுபட்ட தாள்களை ‘அரியர்’ என்று மதிப்பெண் பட்டியலில் காட்டாமல் எழுதி முடிக்க ஓராண்டு அவகாசம் தரலாம்.

ஒன்றிய அரசின் கல்விமதிப்பு வங்கி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2021இல் மானியக் குழு வகுத்த விதிகளின்படி, மாணவர் ஈட்டிய கிரெடிட்டுகளை ஏழு ஆண்டுகள் வரை அதில் சேமித்து வைக்கலாம். ஆனால், சேமித்த கிரெடிட் யாருக்கும் ஓர் இடத்தைப் பெற்றுத் தராது. இடம் தருவது கல்லூரி. அதற்கு நெறி வகுக்க வேண்டியது மாநில அரசு. அந்த வங்கியை முன்வைத்த தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட முடியும்.

வழியை முற்றாக அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவக் கல்வி சான்று. 1997ஆம் ஆண்டின் பழைய விதிமுறைகள் குறிப்பிட்ட வரம்புக்குள் கல்லூரி மாற இடம் கொடுத்தன. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அதை அடியோடு தடுத்தது. விளைவாக, உடல்நலமும் குடும்பச் சூழலும் காரணமாக மாற வேண்டியவர்கள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் நியாயம் முழு நியாயம் ஆகாது.

ஆகவே, அரசிடம் நாம் கேட்பவை இவை. இரண்டாம் பருவத் தேர்வு முடிவுகளுக்குப் பின், பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும், கலை அறிவியலுக்குக் கல்லூரிக் கல்வி இயக்ககமும் இடமாற்றக் கலந்தாய்வை நடத்த வேண்டும். அரசு, உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகள் அனைத்தும் இரண்டாம் ஆண்டுக் காலியிடங்களைப் பாடவாரியாக இணையத்தில் வெளியிட வேண்டும். தடையின்மைச் சான்றை 15 நாள்களுக்குள் தராவிட்டால், தந்ததாகவே கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள், பெற்றோரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். ராகிங், பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தவர்கள் கலந்தாய்வுக் காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டின் எந்த மாதத்திலும், ஈட்டிய வருகைப்பதிவோடும் உள்மதிப்பீட்டோடும் அவர்கள் மாற வழி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சலுகைகள் மாணவரோடு செல்ல வேண்டும். 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவருக்கு அரசு கட்டும் கட்டணம், முதல் பட்டதாரிச் சலுகை, கல்வி உதவித்தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் ஆகியவை கல்லூரி மாறியதால் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. அவை மாணவருக்குத் தரப்பட்டவை, கல்லூரிக்குத் தரப்பட்டவை அல்ல. இதை அரசாணையில் ஐயமின்றி எழுத வேண்டும். இல்லையென்றால், மாற மிகவும் தேவையுள்ள ஏழை மாணவர்தான் மாறப் பயந்து அங்கேயே முடங்குவார். அல்லது படிப்பையே நிறுத்துவார்.

பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருக்கிறது தமிழ்நாடு. சேர்ந்தவர்கள் பட்டத்தோடு வெளியே வருவதுதான் அந்தச் சாதனையின் முழுமை. இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. ஓர் அரசாணை, ஓர் இணையதளம், இரண்டு இயக்ககங்களின் ஒத்துழைப்பு போதும். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்போடு, இடமாற்றக் கலந்தாய்வுக்கான தேதியையும் உயர்கல்வித் துறை அறிவிக்க வேண்டும்.