விருந்துக் கறியும் திங்கட்கிழமை வயிற்றுப்போக்கும்



தோட்டத்தில் 200 பேருக்கு விருந்து என்றால், பல இடங்களில் பன்றிக்கறிப் பிரட்டல் இல்லாமல் அது விருந்தாகவே கணக்கில் சேராது. கல்யாணமோ, பிறந்த நாளோ, தீபாவளியோ, சனிக்கிழமை இரவே நம் இளைஞர்கள் அடுப்புக் கூட்டி, ரப்பர் விறகைப் போட்டு, அண்டாவை ஏற்றி விடுகிறார்கள். விடிய விடியப் பாட்டும் சிரிப்புமாகச் சமைப்பதும் ஒரு கொண்டாட்டம்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அடுப்பை அணைத்த பிறகு அண்டாவை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோமே, அந்தப் பழக்கத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

ஞாயிறு மதியம் சாப்பாடு. அன்று நள்ளிரவுக்குள் வயிற்றுவலி, பேதி. திங்கட்கிழமை பெரட்டில் ஆள் குறையும், ஒரு நாள் பேர் போகும். காரணம் கேட்டால், "பன்னிக்கறி சூடுங்க டிரசர்" என்பார் ஒருவர். "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்பார் பாட்டி. தண்ணி போட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பாரும் உண்டு. அண்டாவை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மூணு மணி நேரம் கொதிச்ச கறி எப்படிங்க கெட்டுப்போகும்?" நியாயமான கேள்விதான். இறைச்சியில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. கொதியில் கிருமி செத்துவிடும். ஆனால் அது விதை மாதிரி ஒரு கூட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டால் கொதிக்கும் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. கறி ஆறத் தொடங்கி 50 டிகிரிக்குக் கீழே வந்ததும் அந்த விதை முளைத்துக்கொள்கிறது. 43 முதல் 47 டிகிரிச் சூடு அதற்கு மிகவும் பிடித்தமானது. அந்தச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்று இரண்டாகும். காற்றுப் புகாத குழம்பின் அடியும் அதற்குத் தோதான இடம். மேலே எண்ணெய் படர்ந்து, மூடியும் போட்ட பெரிய அண்டாவின் நடுப்பகுதி விடியும் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். வாடையும் வராது, புளிப்பும் தட்டாது. ருசி பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான்: இறைச்சியைச் சனிக்கிழமை வெட்டி ஐஸில் வையுங்கள், சமையலை ஞாயிறு அதிகாலைக்குத் தள்ளுங்கள். கொழுப்பும் நரம்பும் கலந்த முன்காலுக்கு மெதுவான தீயில் மூன்று மணி நேரம் பிடிக்கும். 5 மணிக்கு அடுப்பு மூட்டினால் 9 மணிக்குள் கறி தயார். பந்தி முடியும் வரை அடியில் தணல் இருக்கட்டும், ஆவி பறக்கட்டும்.

இரவில்தான் சமைப்போம் என்று பிடிவாதம் பிடித்தால், கறி வெந்ததும் அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடியில் ஐஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கி, அக்கம்பக்கத்து ஐந்தாறு வீட்டு ஐஸ் பெட்டிகளில் பிரித்து வைக்க வேண்டும். மறுநாள் அடிவரை கிளறி, குமிழ் விட்டுக் கொதித்த பிறகுதான் பந்திக்கு வர வேண்டும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு கொடுக்கும் விழாக் குழு, ஐஸ் கட்டிக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பன்றி இறைச்சியின் மேல் பழி போடுவது நம்மிடம் பழைய வழக்கம். 1998, 1999-இல் நிப்பா காய்ச்சல் வந்து நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புக்கிட் பெலாண்டோக்கை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் நோயுற்ற பன்றிகளோடு நேரடியாகப் புழங்கியவர்கள். வெந்த கறி தின்றதால் வந்ததல்ல. காட்டுப்பன்றி விஷயம் வேறு. அதன் தசைக்குள் புழு இருக்கக்கூடும். உப்புக்கண்டம் போட்டாலும் புகையில் தொங்கவிட்டாலும் புழு சாகும் என்று நம்ப முடியாது. உள்ளே சிவப்புத் தெரியாமல் முழுக்க வேக வேண்டும்.

இன்னொன்று. பால் வெட்டும் கத்தி பட்ட விரலோடு, சீழ் வைத்த புண்ணோடு, கறி வெட்ட உட்காராதீர்கள். அந்தப் புண்ணிலிருந்து வருகிற கிருமி இறைச்சியில் விஷத்தைக் கக்கிவிட்டால், மறுபடி கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கச் செய்யும். புண் உள்ளவர் விறகு தள்ளட்டும், நாற்காலி போடட்டும்.

பந்தி முடிந்து மிச்சக் கறியைப் பையில் கட்டிக் கொடுப்பது நம் பண்பு. மதியம் முழுதும் ஆறிக் கிடந்ததைச் சாயங்காலம் கட்டிக் கொடுக்க வேண்டாம். லயத்தில் முதலில் அதைத் தின்பது பிள்ளைகள்தான்.

பேதி கண்டால் உடனே 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. பேதியில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை மூத்திரம் போகாமல் துவண்டு கிடந்தாலோ, நேரம் காலம் பார்க்காமல் டிரசர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.