படகில் தொற்றி வரும் ‘காக்கா ஆழி’!
கப்பலை மட்டும் திட்டினால் போதுமா?

எண்ணூர் கழிமுகத்தில் கால் வைத்தால் பல இடங்களில் இப்போது சேறு தட்டுப்படுவதில்லை. ‘நறுக்’கென்று சிப்பிதான் குத்துகிறது! கறுத்த, சின்னஞ்சிறு சிப்பி. மீனவர்கள் வைத்த பெயர் ‘காக்கா ஆழி’.

இதற்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, பாரத்துக்காகக் கப்பலில் நிரப்பும் தண்ணீரில் குஞ்சாக மிதந்தோ வந்திருக்கும் என்பது நிபுணர்கள் கருத்து.

கொசஸ்தலை ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. இறால் ஒதுங்கும் மண் மூடிப்போயிற்று. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் பாடு திண்டாட்டம். கை, கால் கிழிவதுதான் மிச்சம்! விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

சின்னப் படகு

எல்லாரும் கப்பலைத் திட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால் கப்பலே போகாத உப்பங்கழிக்கு இது எப்படிப் போகும்? அங்கேதான் சின்னப் படகு வருகிறது.

அமெரிக்காவில் நடந்தது இதுதான். 1988-ல் கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் ‘வரிக்குதிரைச் சிப்பி’ கண்டுபிடிக்கப்பட்டது. கொண்டுவந்தது கப்பல். கப்பல் எட்டிப் பார்க்காத உள்நாட்டு ஏரிகளுக்குச் சுமந்து போனதோ, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போன உல்லாசப் படகுகள்! இன்று மின்னசோட்டா மாநிலத்தில் படகில் ஒட்டிய செடி, சிப்பியை அகற்றி, தண்ணீரை வடித்த பிறகுதான் ரோட்டில் ஏற்றலாம். மீறினால் அபராதம். துடுப்புப் படகுக்கும் விலக்கு இல்லை.

ஐந்து நாள் வெயில்

முட்டுக்காடு, கோவளம் பக்கம் கயாக் ஓட்டும் மோகம் பிடித்திருக்கிறது. நல்ல பொழுதுபோக்கு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று எண்ணூர், நாளை முட்டுக்காடு என்று ஒரே படகைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போனால் ஆபத்து. சிப்பிக் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. வளர்ந்த சிப்பியோ ஓட்டை மூடிக்கொண்டு தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுக் கிளம்பினால் பிரயோஜனம் இல்லை.

சேறு, பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, படகு, கயிறு, மிதவைச் சட்டை எல்லாவற்றையும் 5 நாளாவது வெயிலில் காயப்போட வேண்டும்.

நல்ல தண்ணீர் ஏரியில் காக்கா ஆழி பயம் குறைவு. அங்கே ஆகாயத் தாமரை இருக்கிறதே! துடுப்பில் சிக்கிய ஒரு சின்னக் கன்று போதும், அடுத்த ஏரி பச்சையாகிவிடும்.

படகுக்குள் தேங்கிய தண்ணீரை எங்கே கொட்டுவது? ஏறின கரையிலேயே, தரையில். அடுத்த ஊர் ஆற்றங்கரையில் அல்ல.