அளக்க வேண்டியது ஆளையா, வேலையையா?

உழைப்போரின் சோர்வை அளக்கும் வினாத்தாள்கள் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் புழக்கத்துக்கு வந்துவிட்ட நிலையில், அவற்றில் கிடைக்கும் மதிப்பெண் யார் கைக்குப் போகிறது, அதன்பின் எதைச் செய்ய யார் கடமைப்பட்டவர் என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லாமல் எந்தத் தாளையும் ஊழியரிடம் நீட்டுவது முறையன்று. சோர்வைக் கணக்கெடுப்பது தேவையே. ஆனால், கணக்கெடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று நிர்வாகம் கருதுமானால், நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து சொல்லாமல் எழுந்துபோகும் வைத்தியரின் செயலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

‘பர்ன்அவுட்’ எனப்படும் பணிவழிச் சோர்வைப் பற்றி, இலவச மருத்துவ மையங்களில் தொண்டாற்றியோரிடம் கண்டதை வைத்து, அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் 1974-இல் எழுதினார். அதை அளப்பதற்கு 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் வெளியிட்ட அளவுகோல், உள்ளம் வற்றிப்போகும் உணர்வுச் சோர்வு, எதிரில் இருப்பவரை மனிதராகப் பாராமல் வெறும் வேலையாகப் பார்க்கும் மனவிலகல், செய்த பணியில் நிறைவு காணாமை ஆகிய மூன்றையும் 22 கூற்றுகளால் ஆராய்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல், இதை நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தில் நீடித்தும் சரிவரக் கையாளப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுக்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்று வரையறையே சொல்லும்போது, ஊழியரின் மனத்தை மட்டும் துருவுவது பாதி வேலையே ஆகும்.

மதிப்பெண்ணின் எல்லையும் உணரப்பட வேண்டும். மருத்துவர்களின் பணிவழிச் சோர்வு குறித்து 45 நாடுகளில் நடந்த 182 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரை, அவ்வாய்வுகள் குறைந்தது 142 வெவ்வேறு வரையறைகளைக் கையாண்டிருந்ததையும், சோர்வுற்றோர் விகிதம் பூச்சியத்திலிருந்து 80.5 சதவீதம்வரை வேறுபட்டதையும் காட்டியது. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு நோயும் இதே களைப்பைத் தரக்கூடியவை என்பதால், வினாத்தாள் ஒரு சல்லடையே தவிர, நோயை அறுதியிட்டுக் கூறும் கருவி அன்று.

இரவுப்பணி முடித்த செவிலியர் ஒருவரிடம், மறுநாள் வேலையை நினைத்தாலே களைப்பு வருகிறதா என்று கேட்கும் தாள் தரப்படுவதாகக் கொண்டால், அதன் மேல்மூலையில் பணியாளர் எண்ணுக்கு ஒரு கட்டமும், நிரப்பிய தாளைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கச் சொல்லும் குறிப்பும் இருக்குமானால், ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எதை அவர் குறிப்பார்? அச்சத்தில் எழுதப்பட்ட விடைகளைக் கூட்டி வகுத்துப் பெறும் சராசரி, நிர்வாகத்துக்கு நற்சான்றாகுமே அன்றி ஊழியருக்குப் பயன்படாது.

ஜப்பான் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தச் சோதனை நடத்துவது 2015 டிசம்பர் முதல் அங்கு சட்டக் கட்டாயம். அரசு பரிந்துரைக்கும் 57 வினாக்களில் 29 உடல், மனநிலையைக் கேட்க, 17 வினாக்கள் வேலையின் அளவு, வேகம், அதன்மீது ஊழியருக்குள்ள கட்டுப்பாடு போன்றவற்றையும், 9 வினாக்கள் மேலதிகாரி, சக ஊழியர், குடும்பத்தார் தரும் துணையையும் ஆராய்கின்றன. முடிவு நேரே ஊழியருக்கே செல்கிறது. அவர் இசைவின்றி முதலாளி அதைப் பார்க்க இயலாது. இருப்பினும், மருத்துவரைக் காண விரும்புவோர் முதலாளியிடமே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதும், பிரிவுவாரியாக முடிவுகளை ஆராய்ந்து பணிச்சூழலைத் திருத்துவது கட்டாயமாக்கப்படாமல் முயற்சிக் கடமையாகவே விடப்பட்டதும் அச்சட்டத்தின் வலுவைக் குறைத்துவிட்டன. இரகசியத்தைக் காத்த அளவுக்குத் திருத்தத்தை வலியுறுத்தவில்லை என்பதே அதிலிருந்து கற்க வேண்டிய பாடம்.

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, முதுநிலை மருத்துவ மாணவர்களின் பணிநேரம் வாரத்துக்கு 74 மணியைத் தாண்டக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. அந்த வரம்பு மீறப்படுகிறதா என்பதை அறிய எந்த உளவியல் அளவுகோலும் தேவையில்லை. பணிப்பட்டியலும் வருகைப் பதிவேடும் உண்மையாக எழுதப்பட்டாலே போதும். ஆகவே, தமிழ்நாட்டு மருத்துவமனைகளும் நிறுவனங்களும் சோர்வு வினாத்தாளைக் கையில் எடுக்கும் முன் மூன்று நிபந்தனைகளை ஏற்க வேண்டும்: தனிநபர் விடைகள் நிர்வாகத்தின் கைக்கு எட்டாமல் வெளியார் பொறுப்பில் இருக்க வேண்டும், ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குப் பெரிய பிரிவுகளின் முடிவுகள் அப்பிரிவின் பணிநேரப் பதிவோடு ஒப்பிடப்பட்டு, ஊழியர்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும், சோர்வு மிகுந்த பிரிவில் ஆள்பற்றாக்குறையையும் பணிநேரத்தையும் குறிப்பிட்ட காலத்துக்குள் சரிசெய்வது சட்டக் கடமையாக வேண்டும்.

மூச்சுப்பயிற்சி வகுப்பும் ஆலோசனைத் தொலைபேசி எண்ணும் ஆறுதல் தரலாம். இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டியதை அவை மாற்றா. அடுத்த ஆண்டு அதே வினாத்தாள் அதே பிரிவுக்கு வரும்போது, அங்குள்ள பணிப்பட்டியல் பழையபடியே இருக்குமானால், அச்சோதனையில் தோற்றவர் ஊழியர் அல்லர், நிர்வாகமே.