எதை வெட்டுவது என்று யார் முடிவு செய்வது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். இவை இல்லாத கணினிகள் அலுவலகங்களை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கின்றன. சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு என்று ஐடி அலுவலகங்கள் நிறைந்த கோவையில் அவற்றில் பெரும்பகுதி காயலான் கடைக்குத்தான் போகும். ஒன்றிரண்டு, யாராவது ஒரு தோழர் கேட்டுப் பேசி, காலனிப் படிப்பகங்களுக்கு வந்து சேரும். அன்னூர்ப் பக்கம் ஓர் அருந்ததியர் காலனியில் நாங்கள் நடத்தும் படிப்பகத்துக்கு அப்படி ஐந்து வந்தன. எல்லாமே 2 ஜிபி ராம்.

இந்த மாதிரி இயந்திரத்துக்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: சின்ன லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். சரியான மருந்துதான். ஆனால் லினக்ஸ் எப்படிச் சின்னதாகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

டேம் ஸ்மால் லினக்ஸ் என்று ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு 50 எம்பிக்குள் முழு டெஸ்க்டாப்பையும் அடக்கிக் காட்டியது. நடுவில் நின்றுபோனதை அதன் நிறுவனர் ஜான் ஆண்ட்ரூஸ் 2024-இல் மறுபடி எழுப்பினார். இப்போது எல்லை 700 எம்பி, அதாவது ஒரு சிடி. எழுதுவதற்கு அபிவேர்ட், கணக்குக்கு நியூமெரிக், உலாவ டில்லோ, பாட்டுக்கு எக்ஸ்எம்எம்எஸ் என்று ஒவ்வொரு வேலைக்கும் இருப்பதிலேயே மெலிந்த மென்பொருளைத் தேடிப் பொறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நான் மெச்சுகிறேன். அப்படியும் இடம் போதவில்லை. உதவி ஆவணங்களை வெட்டினார்கள். பிறகு மொழிகளை வெட்டினார்கள். ஒரு கைப்பிடி மொழிகள் மிஞ்சின. தமிழ் அதில் இல்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் தங்களுக்காகச் செய்தார்கள், தங்களுக்கு வேண்டாததை எடுத்தார்கள். வேறு எங்கோ, வேறு யாரோ தமக்காகப் போட்ட கணக்கை அப்படியே தூக்கிவந்து காலனிப் பிள்ளையின் முன்னால் வைத்து, "உனக்கு இதுவே போதும்" என்று நாம் சொல்வதுதான் கோளாறு.

தமிழ் இல்லாமல் போவது மெனுவோடு முடிகிற விஷயம் இல்லை. தமிழ் எழுத்தைத் திரையில் காட்ட எழுத்துரு மட்டும் போதாது. "கோவை" என்ற சொல்லில் 'கோ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். இப்படி இடம் மாற்றி அடுக்குவதற்குத் தனி நிரல் உண்டு. மெலிவுக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் பழைய மென்பொருள்கள் பலவற்றில் அந்த அடுக்கும் வேலையே கிடையாது. டில்லோவில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் தொங்கும். எக்ஸ்டெர்ம் முனையத்திலும் இதே கதைதான். தன் ஊர்ப் பெயரையே உடைத்துக் காட்டும் கருவியை "இலகுவானது" என்று என்னால் அழைக்க முடியாது.

இடம் இல்லை என்ற வாதமும் தமிழுக்குப் பொருந்தாது. லோஹித் தமிழ் எழுத்துரு ஒரு எம்பிகூட வராது. தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் சேர்த்தால் சில எம்பி கூடும், அவ்வளவுதான். அதற்குள் மூன்று வழிகளும் வந்துவிடுகின்றன. செல்போனில் தங்கிலீஷில் தட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு ஒலிபெயர்ப்பு, முறையாகக் கற்க விரும்புவோருக்கு 1999-இல் தமிழக அரசு தரமாக ஏற்ற தமிழ்99, குரூப் 4 தட்டச்சர் வேலைக்குத் தயாராகும் அக்காக்களுக்குப் பழைய தட்டச்சுப் பொறியின் விசைவரிசை.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல்தான். அதில் ஓபன் ஆஃபிஸ் ரைட்டர், கால்க், இம்பிரஸ் என்று தனித்தனிப் பாடங்களே இருக்கின்றன. பிளஸ் ஒன் பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கும்போது அங்கே அபிவேர்ட் இருந்தால், பாடத்தில் சொன்ன பொத்தானைத் தேடுவதிலேயே மாலைப்பொழுது போய்விடும். அதனால் அதே வம்சத்தில் வந்த லிப்ரே ஆஃபிஸைப் போட்டோம். சில நூறு எம்பி பிடிக்கும், பிடிக்கட்டும். உதவித்தொகை விண்ணப்பமும் சாதிச் சான்றிதழும் இன்று இணையத்தில்தான். அந்தத் தளங்கள் டில்லோவில் திறக்காது என்பதால் ஃபயர்ஃபாக்ஸ். இந்த இரண்டு பெரிய ஆட்களுக்கும் ராமை விட்டுக்கொடுக்க வேண்டுமே என்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் மெலிதாக வைத்தோம். கேடிஇ, க்னோம் பக்கமே போகவில்லை. ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளர்: கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, பிரவுசிங் சென்டரில் பார்த்த அதே அமைப்பு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பிள்ளைகளுக்கு இரண்டு டேப் கூடுதலாகத் திறக்க முடிகிறது.

அடித்தளம் ஆன்டிஎக்ஸ். டெபியனிலிருந்து வந்தது. பாசிச எதிர்ப்பைப் பெருமையோடு அறிவித்துக்கொள்ளும் வழங்கல். பதிப்புகளுக்குப் பெர்த்தா காசெரெஸ், ஹீத்தர் ஹேயர், மரியெல் ஃபிராங்கோ என்று கொல்லப்பட்ட போராளிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். (தேர்ந்தெடுத்தது அதற்காக அல்ல. ஆனால் மரியெல் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது.)

எங்களுக்குள் கடும் வாக்குவாதம் வந்தது மெனு மொழியில்தான். தமிழில் வைக்க வேண்டும் என்றார் ஒரு தோழர். பிள்ளைகளோ ஆங்கிலம் கேட்டார்கள். ஆங்கிலத்தை ஏணியாகப் பார்த்த மரபு நம்முடையது. அம்பேத்கரிலிருந்து பெரியார் வரை அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்வழிப் பாடநூலின் திரைப்படங்களிலும் மெனு ஆங்கிலத்தில்தான். எனவே மெனு ஆங்கிலம், விருப்பப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தமிழை எழுதவும் படிக்கவும் முடிவது விருப்பத்துக்கு விடப்படவில்லை. இந்த இரண்டும் வேறுவேறு உரிமைகள் என்பது தமிழ்ப்பற்றுத் தோழர்கள் பலருக்குப் புரிவதில்லை.

இன்னொரு கேள்வி எனக்கு இப்போதும் உறுத்துகிறது. "இதுல டேலி வருங்களாக்கா?" என்று கேட்டாள் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் அலுவலக வேலை என்றால் எக்செலும் டேலியும்தான் கேட்பார்கள், அவளுக்கு அது தெரியும். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அங்கே வசதியானவன் விண்டோஸில் பழக, இங்கே காலனிக்குத் தனியாக ஒரு லினக்ஸ் என்றால், டீக்கடையில் நமக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருந்தார்களே, அந்தத் தனிக் குவளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எனவே ஐந்தில் நல்ல நிலையில் இருந்த ஒன்றில் விண்டோஸை அப்படியே விட்டு, டேலியின் கல்விப் பதிப்பைப் போட்டோம். பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாததால் அதற்கு இணைய இணைப்பு கிடையாது. மென்பொருள் விடுதலை பேசும் நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். விடுதலை யாருக்கு என்று அவரிடம் நான் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது.

லினக்ஸ் ஏழைக்கு ஒதுக்கிய மீதம் என்று நினைப்பதும் சரியல்ல. 2000-களின் பிற்பகுதியில் எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அதிகாரம் இருந்த மேசைகளில்தான் அவர் அதை வைத்தார். அவர் பட்டியல் சாதியிலிருந்து வந்த ஐஏஎஸ் அதிகாரி. 2010 ஜூலையில், சாதிச் சான்றிதழ் பொய் என்று குற்றஞ்சாட்டி அவரையே பணி இடைநீக்கம் செய்தார்கள். கண்டனம் எழுந்ததும் அடுத்த மாதமே திரும்பப் பெற்றார்கள். அவருடைய பிற்காலப் பேச்சுகள் வேறு விவாதம், இது தனி.

2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தமிழ் வசதியோடுதான் வந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் அந்தப் பக்கம் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வட்டில் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடந்தது. எந்த மென்பொருளைப் போடுகிறோம் என்பதைவிட, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம் என்று எனக்குப் பட்டது அங்கிருந்துதான்.

அதனால் ரூட் கடவுச்சொல்லை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. காலனியைச் சேர்ந்த இரண்டு பிளஸ் ஒன் மாணவிகளிடம் கொடுத்துவிட்டோம். கெடுத்துவிடுவார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. கெட்டால் மறுபடி நிறுவப் பென்டிரைவ் இருக்கிறது, அரை மணி நேர வேலை. முதல் வாரத்திலேயே நாங்கள் சேர்த்திருந்த மின்னஞ்சல் மென்பொருளை அவர்கள் நீக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் சூப்பர்டக்ஸ் விளையாட்டு வந்திருக்கிறது.