அனலை அளந்து தருக!

தோழனே!

திருவண்ணாமலை உச்சியிலே கார்த்திகைத் தீபம் சுடர்விட்டால், அது கொழுந்துவிட்டு எரிகிறதா, குன்றி எரிகிறதா என்று அடிவாரத்தில் நிற்பவன் சொல்லிவிடுவான். ஆனால், புற்றுநோயைப் பொசுக்க மருத்துவமனை ஏவுகிறதே கதிர், அது கண்ணுக்குப் புலப்படாத கனல்! படுத்திருக்கும் நோயாளிக்கும் தெரியாது. வெளியே காத்திருக்கும் தாய்க்கும் தெரியாது. கூடினால் நல்ல உடலைக் கருக்கும். குறைந்தால் நோயை விட்டுவைக்கும். ஆகவேதான் கேட்கிறேன்: அளப்பவர் யார்?

கற்பனையல்ல, நடந்ததைக் கூறுகிறேன். 1996 ஆகஸ்டில், கோஸ்டாரிகா நாட்டின் சான் ஹோசே நகர மருத்துவமனையொன்றில் புதிய கோபால்ட் மூலம் பொருத்தினர். 0.3 நிமிடம் என்பது 18 விநாடி. கணக்கிட்டவரோ 30 விநாடி எனக் கொண்டார். மூலத்தின் வலு குறைவென்று முடிவாயிற்று. நோயாளிகள் நெடுநேரம் கதிரின்கீழ் கிடத்தப்பட்டனர். பாதிக்கப்பட்டோர் 115 பேர்! உயிர்களும் போயின. பொறி பழுதாகவில்லை, சரிபார்க்க இரண்டாவது கண் இல்லை, அவ்வளவே!

"வரிசையிலே நோயாளிகள் வாடுகிறார்கள், அளந்துகொண்டிருக்க நேரமேது?" என்பார் சிலர். வரிசை நீள்வது வேதனைதான். ஆனால், தவறிய அளவோடு விரைவது வேகமல்ல, விபரீதம்!

கோபால்ட் திங்கள்தோறும் ஏறத்தாழ 1 விழுக்காடு வலுவிழக்கும். ஒருமுறை அளந்தால் போதாது. நாள்தோறும் சோதனை வேண்டும். ஒருவர் கணக்கை மற்றொருவர் தனியே போட்டுப் பார்க்க வேண்டும். வெளியாரும் சோதிக்க வேண்டும். 1969 முதல் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சிறு அளவிகளை அஞ்சலில் அனுப்பிப் பல நாடுகளின் பொறிகளைச் சோதிக்கின்றன. 5 விழுக்காட்டுக்கு மேல் பிசகினால் காரணம் தேடுகின்றன.

நம் நாட்டிலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உண்டு. கதிர்க்கூடத்துக்கு மருத்துவ இயற்பியலாளர் வேண்டும் என்ற விதியும் உண்டு. அப்படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதுமா? ஆள் கூடத்தில் இருக்க வேண்டாமா?

சந்தையில் மணிலாக்கொட்டை நிறுக்கும் தராசுக்கு முத்திரை எங்கே என்று கேட்கிறோம். நம் ஊர் ஏழை, காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ அடையாற்றுக்கோ பேருந்தேறிச் சென்று, உடலையே ஒப்படைக்கும் பொறிக்கு அந்தக் கேள்வி கிடையாதா?

தோழனே! புதுப் பொறிக்குத் திறப்பு விழா என்றால் மாலையோடு செல், மகிழ்ந்து கைதட்டு. தட்டி முடித்ததும் கேள்: அளக்கும் பணியிடங்கள் நிரம்பினவா? இன்று காலை அளந்த ஏடு எங்கே? கோடி ரூபாய்ப் பொறியைக் கொண்டுவருவது சாதனை. அதை நாள்தோறும் அளந்து இயக்குவதே ஆட்சி!