சம்பான் ஒதுங்கிய துறைகள்

ஆலையடிவேம்பு மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “காரைதீவுச் சந்தியில் அம்பாறைப் பக்கம் திரும்பினால் சம்மாந்துறை வருகிறது. எங்கு நோக்கினும் வயல்; கடலைக் காணோம். பிறகு ‘துறை’ ஏன்?” என்றார்.

நல்ல கேள்வி. துறைக்குக் கடல்தான் வேண்டுமென்பதில்லை. மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி அவ்வூர்ப் பக்கம் வரை நீண்டு கிடக்கிறது. சாலைகள் இல்லாத நாளில் நெல்லும் பிற பண்டங்களும் போக்குவரத்துச் செய்ய வாவிதானே வழி? சம்பான் என்னும் படகுகள் ஒதுங்கிய துறை, சம்பான்துறை. அதுவே சம்மாந்துறை ஆயிற்றென்பது வழிவழி வரும் விளக்கம். நாமும் அதையே ஏற்கிறோம். காரணம், இலங்கையின் தென்கரையில் அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு.

அம்பாந்தோட்டையைத்தான் சொல்கிறோம். தமிழ்ப் பெயரைப் பார்ப்போர் அம்பையும் தோட்டத்தையும் நினைப்பர்; இரண்டும் பிழை. சிங்களத்தில் அது ஹம்பன்தொட்ட. ‘தொட்ட’ என்றால் துறை. ‘ஹம்பன்’ என்பது சம்பானே. சகரம் ஹகரமாவது சிங்களத்தின் இயல்பு. சூரியன் அங்கே ‘ஹிரு’, சந்திரன் ‘ஹந்த’. ஆகவே கிழக்கில் நாமும் தெற்கில் அவர்களும் ஒரே பெயரை அவரவர் மொழியில் வைத்திருக்கிறோம்.

சம்பான் என்ற சொல்லுக்குத் தாயகம் எது? மலாய் மாலுமிகள் வாயிலாக நம்மிடம் வந்தது என்பர். சீன மொழியில் ‘சாம்’ மூன்று, ‘பான்’ பலகை; மூன்று பலகைப் படகு என்று பொருள் சொல்வோரே மிகுதி. அந்த அம்பாந்தோட்டையில் 2010-இல் திறந்த புதிய துறைமுகம், 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் சென்றதை இங்கே நினைத்தால் புன்னகை வருகிறது.

இச்சொல்லுக்கு மற்றொரு கிளையும் உண்டு. கரையோர முஸ்லிம் வணிகரைச் சிங்களத்தில் ‘ஹம்பன்காரயா’ என்றனர். சம்பான்காரர் என்பதே பொருள். அது ‘ஹம்பயா’ எனக் குறுகி, பிற்காலத்தில் ஏளனச் சொல்லாகவும் வழங்கியது. ஏளனமாகச் சொன்னவரும், கேட்டு வருந்தியவரும் அதனுள் ஒரு படகு மிதப்பதை அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

கேள்வி கேட்ட மாணவருக்கு அம்பாந்தோட்டையில் சிங்கள நண்பர் ஒருவர் இருக்கிறாராம். இதை அவருக்கு எழுதப் போவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.