யார் கடன்காரன்?

போன வாரம் வாலாஜாபாத் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், என் வயசுக்காரர்தான், "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கடன் வாங்கப் பயமே இல்ல சார், அதான் அழியறானுங்க" என்றார். பாயசம் வந்துவிட்டது, பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் மனசில் வைத்துப் பேசியது என் தங்கை மகனை. ஒரகடத்தில் காண்டிராக்ட் தொழிலாளியாக இருந்தவன். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்துப் போட்ட மரங்களை அறுக்க ஆள் கிடைக்காமல் ஊரே அலைந்தபோது, இதில் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று கண்டுகொண்டான். விழுந்த மரத்தை அறுப்பது இல்லை, விழாமல் பார்த்துக்கொள்வது. சிப்காட் வளாகங்களில் நிழலுக்காக நட்ட குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் வளர்ந்து கம்பியிலும் கூரையிலும் சாய்கின்றன. நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மொட்டையடிப்பது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது, அடுத்த காற்றில் அவைதான் முதலில் முறியும். கனத்த கிளையென்றால் முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துக்கொண்டு பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை உரிந்து தண்டு வரை காயமாகும். இதெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கவாத்து என்றால் ரோஜாச் செடிக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதல் செயின்சா சேமிப்புப் பணத்தில். குட்டியானை வாடகைக்கு. நாலு வருஷம் ஒரு ரூபாய் கடன் இல்லை. 2021-இல்தான் சொந்த வண்டிக்கும் கயிறு, பெல்ட், இன்னொரு மெஷினுக்கும் ஐந்து லட்சம் தேவைப்பட்டு என்னிடம் வந்தான். கையில் இரண்டு காகிதம். ஒன்று ஃபைனான்ஸ்காரருடையது, இன்னொன்று வங்கியின் முத்ரா கடன். "ரெண்டும் 12 பர்சென்ட்தானே மாமா, ஃபைனான்ஸ்ல நாளைக்கே குடுக்கறாங்க" என்றான்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஃபைனான்ஸ்காரர் சொன்னது பிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. மூன்று வருஷத்துக்கு வட்டி மட்டும் 1,80,000. மாத டியூ 18,889. வங்கியில் அதே 12, குறையும் அசலுக்கு. டியூ 16,607, மொத்த வட்டி 98,000-க்குள். அந்த பிளாட் 12-ஐ வங்கிக் கணக்கில் சொன்னால் 21 சதவீதத்துக்கும் மேல். பையன் பத்து நாள் காத்திருந்து முத்ரா வாங்கினான். உத்யம் பதிவும் அப்போதே செய்தான். 36 டியூவும் தவறாமல் கட்டினான். ஆக, பந்தி நண்பரே, அவன் பயந்துதான் கடன் வாங்கினான்.

அவனைக் கவிழ்த்தது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஒரு பெரிய வளாகத்தின் பராமரிப்பை எடுத்திருந்த காண்டிராக்டர் இவனைக் கூப்பிட்டார். மாதம் 1,20,000 பில். நாலு ஆட்கள், நாளுக்கு 800, மாதம் 25 நாள், கூலியே 80,000. ஆளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் காசு வைத்தாக வேண்டும். பில்லுக்கு? "கம்பெனி எங்களுக்குக் குடுத்ததும் உங்களுக்கு." முப்பது நாள் அறுபதாகி, அறுபது தொண்ணூறாகி, நிலுவை 3,60,000. கூலி கொடுக்க மூணு வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினான். மாதம் ஆறாயிரம், வருஷத்துக்கு 36 சதவீதம். அசல் அப்படியே நிற்கும்.

இதற்குப் பெயர் கடன் வாங்கும் மோகமா? இவன் ஊதாரித்தனம் செய்யவில்லை. கோடிகளில் புரளும் வளாகத்தின் புல்லையும் மரத்தையும் பார்த்துக்கொள்ள, கயிற்றில் தொங்குகிறவன் வட்டியில்லாமல் மூன்றே முக்கால் லட்சம் கிட்டே கடன் கொடுத்திருக்கிறான். அந்தப் பணத்தை அவன் 36 சதவீதத்துக்கு வெளியில் வாங்கியிருக்கிறான். வங்கியில் கடன் மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் "அப்பா என்ன செய்கிறார், ஜாமீன் யார்" என்றுதான் கேட்டேனே தவிர, "உனக்குப் பில் பணம் எத்தனை நாளில் வரும்" என்று ஒருவரையும் கேட்டதில்லை. அது என் தப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் பிடி வைத்திருக்கிறார்கள். அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் புகார் கொடுப்பதில்லை என்கிறீர்களா? புகார் கொடுத்தால் அடுத்த வேலை கிடையாது. அவ்வளவுதான்.

ஒரே வளாகத்தை நம்பியதும் பிசகுதான், ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சாலையில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு நின்றது, மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் நின்றது. இப்போது படப்பை பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை எடுக்கிறான். சின்னச் சின்ன வேலை. இறங்கி முகம் கழுவுவதற்குள் ஜிபேயில் பணம் வந்துவிடுகிறது. மூணு வட்டிக்காரருக்குப் பாதி அசலை அதிலிருந்துதான் அடைத்தான்.

பழைய நிலுவைக்கு வசூல் கவுன்சிலில் மனு போட்டிருக்கிறோம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே காண்டிராக்டரின் மேனேஜர் போன் செய்து "என்ன தம்பி, சட்டமெல்லாம் பேசறியாமே" என்றாராம். மனு எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. கல்யாண வீட்டு நண்பர் இதைப் படித்தால், அந்த 3,60,000-க்கு யார் கடன்காரன் என்று எனக்கு ஒரு வரி எழுதட்டும்.